ஒரு நாள் தள்ளிச் சொன்ன சாவு

ஒரு சாவுச் செய்தியை எவ்வளவு நேரம் வாய்க்குள் அடக்கி வைத்திருக்கலாம்? செத்தது அவள் பெற்ற பிள்ளை. தெருவுக்கே தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு எத்தனை மணி நேரம் நடமாடலாம்? அன்றைக்கு யாராவது என்னை இப்படிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அஸ்காலேவுக்கும் தெரியவில்லை.

அஸ்காலே எங்கள் மாவுமில் பேட்டையில் இஞ்செரா, அதாவது புளித்த மாவில் சுடும் அகல அப்பம், சுட்டு விற்கிறவள். அடிஸ் அபாபாவில் இஞ்செரா சுடாத பெண் யார் என்று நீங்கள் கேட்கலாம். இவள் கல்லில் மாவை ஊற்றினால் கண்கள் ஓரம்வரை ஒரே சீராக விழும், நடுவில் தடிக்காது, மறுநாளும் விரிசல் விடாது. சுற்றிலும் உள்ள நான்கு சாப்பாட்டுக் கடைகள் இவள் கையைத்தான் நம்பியிருந்தன. பத்தொன்பது வயதில் வடக்கே வொல்லோவிலிருந்து ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு வந்தவள். பதினோரு வருடத்துக்கு முன் அவன் லாரியோடு மலைச்சரிவில் போய்விட்டான். ஒரே மகன் தெற்கே ஹவாசாவில் டயர் கடையில் வேலை செய்கிறான். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு மண் சுவர் வீடு, ஒரு அடுப்பு, எதிர்வீட்டு வெர்க்னேஷ்.

புருஷன் செத்தபோது அவளுக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. செய்ய வேண்டியும் இருக்கவில்லை. எங்கள் பேட்டையின் சாவுச் சங்கத்தை இத்திர் என்போம். கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாரும் அதில் உண்டு. விடிந்ததும் இத்திரின் கூடாரம் தெருவை அடைத்துக்கொண்டு எழுந்தது. பெஞ்சுகள் வந்தன, அண்டாக்கள் வந்தன, மூன்று நாள் யார் யாரோ சமைத்தார்கள். வெர்க்னேஷ் நாற்பது நாள் அவள் பக்கத்தில் தரையில் படுத்தாள். அதற்குப் பிறகு இத்திரின் பாத்திரங்களுக்கு அஸ்காலேதான் பொறுப்பு. தகரக் கொட்டகையின் சாவி அவள் கழுத்துச் சிலுவையோடு ஒரே கயிற்றில் தொங்கும். முந்நூறு தட்டில் ஒன்று குறைந்தால் அது யார் வீட்டில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட தெருவுக்கு மார்க் போட ஒருவர் வந்தார்.

பெயர் டாக்டர் பிஸ்ராத். உடம்புக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, ஊர்களைப் பற்றி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நகர அலுவலகம் அவரிடம் ஒரு படிவத்தைக் கொடுத்திருந்தது. பனி பெய்கிற ஏதோ ஒரு நாட்டில், ஒரு பேட்டை நீடித்து நிற்கத் தகுதியானதா என்று பார்க்கச் செய்த படிவம். நூற்றுக்கு அறுபது வாங்கினால் பேட்டை இருக்கிற இடத்தில் இருக்கும். சாக்கடை போடுவார்கள், தண்ணீர்க் குழாய் வரும். அறுபதுக்குக் கீழே போனால் இடித்துவிடுவார்கள். அப்புறம் குலுக்கல் போட்டு ஆளுக்கொரு திசையில் நகரத்துக்கு வெளியே நாலாவது மாடி, ஐந்தாவது மாடி. இத்திர் சிதறிவிடும். சிதறிய பேட்டைகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். அங்கே ஒருவர் செத்தால் பக்கத்துக் கதவுக்காரர் பெயர்கூட யாருக்கும் தெரியாது.

படிவத்தை முதல் முறை போட்டுப் பார்த்தபோது எங்களுக்கு முப்பத்தொன்று. சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு மட்டும் ஆறு மார்க் வைத்திருந்தார்கள். எங்கள் பேட்டை சரிவில் கருங்கல் பாவிய சந்துகள். இங்கே சைக்கிளில் ஏறுகிறவன் இறங்குமிடம் ஆஸ்பத்திரி. டாக்டருக்கே வெட்கமாகிவிட்டது போலிருக்கிறது. "படிவத்தை உங்க பண்பாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தப் போறோம்" என்று சொல்லி, எங்கள் ஆட்கள் முப்பது பேரை ஒரு ஹோட்டலுக்கு அழைத்தார்.

அன்று புதன்கிழமை. விரத நாள். ஹோட்டல்காரர்கள் கோழிக்கறி வைத்திருந்தார்கள். கிறிஸ்தவர்கள் விரதம் என்று தொடவில்லை. முஸ்லிம்கள் யார் அறுத்ததோ என்று தொடவில்லை. 'உள்ளூர்ப் பண்பாட்டுக்கு ஏற்ற மதிப்பீடு' என்று கொட்டை எழுத்தில் பேனர் தொங்க, அதற்குக் கீழே கோழி ஆறிக் கிடந்தது. டாக்டர் மட்டும் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

"நல்ல பேட்டைன்னா என்ன? பயப்படாம சொல்லுங்க" என்றார்.

இத்திர் தலைவர் ஷிஃபெராவ் எழுந்தார். ஏதோ அமைச்சகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தொப்பியைக் கழற்றாமல் பேசுவார். பெரியவர் என்பதால் எல்லாரும் அவரைக் காஷே என்போம். ஒழுக்கம், ஒற்றுமை, தூய்மை என்று கால் மணி நேரம் பேசினார். டாக்டர் ஒன்றையும் எழுதவில்லை. பிறகு அஸ்காலேவைக் கேட்டார்.

"நான் கல்லுல மாவ ஊத்துறேன்னு வைங்க" என்றாள் அவள். "வாசல்ல யாரோ கூப்புட்டாங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டா, நான் திரும்பி வர்றதுக்குள்ள யாராவது ஒருத்தி உள்ள வந்து அந்த இஞ்செராவ எடுத்து வச்சிருப்பா. யாருன்னுகூடக் கேக்க மாட்டேன். அதான் நல்ல பேட்டை."

டாக்டர் கண்கள் மின்ன எழுதினார். திரையில் வந்தது: 'எரிபொருள் சிக்கனம்: அடுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் உண்டு. இரண்டு மார்க்.'

மூன்றாவது வீட்டு ஜெய்னெபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடியே, நாளைக்கு உன் அடுப்பத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடு. பகிர்ந்துக்கலாம்."

சைக்கிளுக்குப் பதிலாகக் கழுதை நிறுத்துமிடம் என்று சேர்த்தார்கள். மில்லுக்குத் தானியம் கொண்டுவரும் கழுதைகளை அவர் பார்த்திருந்தார்.

"கழுத எதுக்கு சார் நிக்கணும்? இறக்கிட்டா அது பாட்டுக்குப் போயிடும்" என்றாள் ஜெய்னெபா.

"இருந்தாலும் ஒரு இடம் வேணும்ல?"

"போடுங்க சார். எங்க தலைவரு நிப்பாரு."

இப்படித்தான் அந்தப் படிவம் எங்கள் பண்பாட்டுக்கு ஏற்றதாக ஆனது. கடைசியில் 'அக்கம்பக்கப் பிணைப்பு' என்று இருபது மார்க்குக்கு ஒரு பகுதி சேர்ந்தது. குலுக்கலில் ஐந்து வீடு எடுத்து, டாக்டரே உட்கார்ந்து கேள்வி கேட்பார். ஒத்திகை பார்த்தபோது எங்களுக்கு அறுபத்திரண்டு. இரண்டே இரண்டு மார்க்கில் எங்கள் உயிர் தொங்கியது. உண்மையான மதிப்பீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை என்று முடிவாயிற்று. ஐந்து வீட்டில் ஒன்று வெர்க்னேஷ் வீடு.

அதற்கு முந்தின நாள், திங்கள் மதியம், ஷிஃபெராவின் போனுக்கு அரபு நாட்டிலிருந்து அழைப்பு வந்தது. வெர்க்னேஷின் மகள் ஃபிக்கிர்தே அங்கே ஒரு வீட்டில் வேலை செய்தாள். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து ஆஸ்பத்திரியில் செத்துப்போய்விட்டாள். கூட வேலை செய்த பெண்தான் கூப்பிட்டாள். தாயின் எண் அவளிடம் இருந்தது. ஆனால் யாரும் தாய்க்குச் சொல்ல மாட்டார்கள். எங்களில் அது வழக்கமில்லை. செய்தி முதலில் அக்கம்பக்கத்துக்கு வரும். அவர்கள் அதை மறைத்து வைத்து, மறுநாள் விடியலில், அவள் இன்னும் ஒரு வேலையும் தொடங்காதபோது, ஆணும் பெண்ணுமாகக் கூட்டமாய்ப் போய்ச் சொல்வார்கள். இதற்கு மெர்தோ என்று பெயர். ஒரு ராத்திரியாவது அவள் நிம்மதியாகத் தூங்கட்டும், கேட்கும்போது தாங்கிப் பிடிக்க ஆட்கள் சுற்றி நிற்கட்டும் என்பதற்காக. எங்களிடம் இருக்கிற கொஞ்சநஞ்ச நல்ல பழக்கங்களில் அது ஒன்று. அதைத்தான் நாசமாக்கினோம்.

மாலையில் தகரக் கொட்டகையில் கூட்டம். மடித்த கூடாரத்தின் மேலும் அண்டாக்களின் மேலும் உட்கார்ந்திருந்தோம்.

"மெர்தோவப் புதன்கிழமை விடியல்ல வச்சுக்கலாம்" என்றார் ஷிஃபெராவ்.

ஜெய்னெபாதான் கேட்டாள். "ஏன் காஷே, நாளைக்கு விடியலுக்கு என்ன?"

"நாளைக்கு விடியல்ல சொன்னா, நாளைக்குக் கூடாரம் போடணும். ரோட்ட அடைச்சுப் போட்டா பாதை மறிப்புன்னு எட்டு மார்க் போகும். அவ வீடு வேற குலுக்கல்ல இருக்கு. ஒப்பாரி வைக்கிற வீட்டுல டாக்டர் யாரக் கேள்வி கேப்பாரு? கூட்டிக் கழிச்சுப் பாரு."

"பெத்தவளுக்கு மறைக்கிறதக் கூட்டிக் கழிச்சா பாக்குறது?"

"நான் மறைக்கச் சொல்லல. ஒரு நாள் தள்ளச் சொல்றேன். எப்பிடியும் ஒரு ராத்திரி மறைக்கிறோம்ல? இன்னொண்ணு. பேட்ட போச்சுன்னா இத்திர் போச்சு. இத்திர் போச்சுன்னா அவ மகளுக்கு யாரு கூடாரம் போடுவா? அவளுக்காகத்தான் சொல்றேன்."

அவளுக்காகத்தான்! இந்த வார்த்தையைச் சொல்லும்போதுகூட அவர் தொப்பியைக் கழற்றவில்லை. ஆனால் அவரை மட்டும் திட்டி என்ன பயன்? கொட்டகையில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். இருபத்திரண்டு பேருக்கும் நாலாவது மாடி கண்ணில் தெரிந்தது. ஜெய்னெபா தலையைக் குனிந்து கொலுசைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு எல்லாரும் அஸ்காலேவைப் பார்த்தார்கள், அவள் சரி என்றால் எங்கள் மேல் பாவமில்லை என்பது போல.

"நாளைக்கு நான் அவகூட இருக்கணுமா?" என்று கேட்டாள் அஸ்காலே.

"கண்டிப்பா இருக்கணும். நீ இல்லேன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துரும்."

அஸ்காலே அடுப்பை நினைத்தாள். நாலாவது மாடியில் விறகு எரிக்க விட மாட்டார்கள். கடைக்காரர்கள் அவ்வளவு தூரம் வர மாட்டார்கள். இந்தத் தெருவைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு இடம் தெரியாது. தலையை ஆட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை வெர்க்னேஷ், விருந்தாளி வரும்போது செய்வது போல, தரையில் பசும்புல் பரப்பியிருந்தாள். காப்பிக்கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது. தலை சீவி, மகள் போன வருடம் அனுப்பிய கைக்கடிகாரத்தைக் கட்டியிருந்தாள். பரிசோதனைக்கு வரும் வாத்தியாரை எதிர்பார்க்கும் பள்ளிப் பிள்ளை போலச் சந்தோஷமாக இருந்தாள்.

எதிர்பாராதவர்களெல்லாம் வந்தார்கள். ஷிஃபெராவ் தன் கையால் சர்க்கரை கொண்டுவந்தார். இருபது வருடமாக அவளோடு குப்பைக்குச் சண்டை போடும் ஒருத்தி அவள் வாசலைக் கூட்டிவிட்டுப் போனாள். ஜெய்னெபா உள்ளே வந்தாள், வெர்க்னேஷின் தோளைத் தொட்டாள், வெளியே போனாள்.

"என்னடீ இது, கல்யாணப் பொண்ண வழியனுப்புற மாதிரி எல்லாரும் வர்றீங்க?" என்றாள் வெர்க்னேஷ். "ஒரு மார்க்குக்கு இவ்வளவு பாசமா? தெரிஞ்சிருந்தா தெனமும் யாரையாவது கேள்வி கேக்கச் சொல்லியிருப்பேனே."

அஸ்காலே சிரித்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் வந்தது. அதைத்தான் அவளால் பிறகு மன்னிக்க முடியவில்லை.

டாக்டர் பிஸ்ராத் கையில் பலகை போன்ற கணினியோடு வந்து உட்கார்ந்தார். பக்கத்தில் ஷிஃபெராவ், எதிரே வெர்க்னேஷ், அவளை ஒட்டி அஸ்காலே. முதல் சுற்றுக் காப்பி ஊற்றியாயிற்று.

"அம்மா, ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் மார்க் குடுங்க. அக்கம்பக்கத்தார நீங்க எவ்வளவு நம்புறீங்க?"

"அஞ்சு."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? அஞ்சுக்கு மேல இருந்தா அதையும் போடு தம்பி."

ஷிஃபெராவ் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு விரல் உயரம் வளர்ந்தார்.

"உங்க சுகதுக்கத்துல பங்கெடுக்கிறாங்களா?"

"இவ புருஷன் செத்தப்ப நாங்க பங்கெடுத்தோம். எனக்கு ஒண்ணு வந்தா இவங்க எடுப்பாங்க. கடவுள் கிருபையில எனக்கு இன்னும் வரல." சாம்பிராணியில் இன்னொரு சிட்டிகை போட்டாள். "அஞ்சு எழுதிக்கோ."

இரண்டாவது சுற்று. அஸ்காலே அதையும் குடித்தாள். காப்பி மண்ணைப் போல இறங்கியது.

"இது நாங்களே புதுசாச் சேர்த்த கேள்வி" என்று டாக்டர் பெருமையோடு நிமிர்ந்தார். "உங்களுக்கு ஒரு கெட்ட செய்தி வருதுன்னு வைங்க. அத உங்ககிட்ட முதல்ல யாரு சொல்வாங்க?"

"இதோ, இவதான்." வெர்க்னேஷ் யோசிக்காமல் அஸ்காலேவின் முழங்காலைத் தட்டினாள். "வேற யாரு வந்து சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

வீட்டுக்குள் கொஞ்சம் குளிராக இருந்தது. அஸ்காலேவின் கை மேல்துணிக்குப் போனது. வெள்ளைத் துணி, ஓரத்தில் சாயக் கரை. கோயிலுக்குப் போட ஒரு விதம், சந்தைக்குப் போட ஒரு விதம், சாவு வீட்டுக்குப் போட ஒரு விதம் உண்டு. சாவு என்றால் கரையை மேலே கொண்டுவந்து கழுத்தோரம் சுற்றுவோம். பதினோரு வருடமாகச் சாவுச் செய்தி காதில் விழுந்ததும் அஸ்காலேவின் கைகள் செய்கிற முதல் வேலை அது. நேற்றிலிருந்து செய்ய விடாமல் வைத்திருந்த வேலையை, அந்த நேரத்தில் கைகள் அவளைக் கேட்காமலே செய்தன. கரை மேலே வந்து கழுத்தில் படிந்தது.

அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இழுத்து மாற்றியிருக்கலாம். ஒரு நொடி போதும்; வெர்க்னேஷ் குனிந்து ஜாடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அஸ்காலே கையை எடுத்து மடியில் வைத்தாள். மாற்றவில்லை.

வெர்க்னேஷ் நிமிர்ந்தாள். கரையைப் பார்த்தாள்.

"யாருடீ?"

"குளிருக்குப் போட்டுக்கிட்டாம்மா" என்றார் ஷிஃபெராவ். "நீங்க சாருக்குக் காப்பி ஊத்துங்க."

"வாய மூடுங்க காஷே." அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. "அஸ்காலே, யாரு? உன் மகனா?"

அஸ்காலே இல்லை என்று தலையசைத்தாள். அப்போது வெர்க்னேஷுக்கு எல்லாம் புரிந்தது. சர்க்கரை, கூட்டிய வாசல், தோளில் விழுந்த கை.

டாக்டர் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் கேள்விக்கு அஞ்சுன்னே வச்சுக்கட்டுமா?"

"ஃபிக்கிர்தேவா?"

"ஆமா" என்றாள் அஸ்காலே.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல இன்னொரு வாய்ப்பு. ஷிஃபெராவ் கண்ணால் கெஞ்சினார். "நேத்து மத்தியானம்."

"நேத்து மத்தியானமா?" வெர்க்னேஷ் காப்பி ஜாடியைக் கவனமாக, சிந்தாமல், கீழே வைத்தாள். "நேத்து ராத்திரி என் வீட்ல உக்காந்து வெங்காயம் நறுக்கிக் குடுத்தியே. கண்ணத் தொடச்சுக்கிட்டே இருந்தியே. வெங்காயம்னு சொன்னியேடீ."

அதற்குப் பிறகு அவள் "வொயினே!" என்று ஒப்பாரியாகக் கத்தியது மில் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

அரை மணி நேரத்துக்குள் தெருவில் கூடாரம் எழுந்தது. யாரும் கட்டளையிடவில்லை. மில்லை நிறுத்திவிட்டு ஆட்கள் கம்பங்களைத் தூக்கினார்கள், பெஞ்சுகள் கை மாறி வந்தன. அஸ்காலே கொட்டகையைத் திறந்து அண்டாக்களை உருட்டினாள். யார் முகத்தையும் யாரும் பார்க்கவில்லை. டாக்டரின் கார் கூடாரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வேகவைத்த கோதுமையும் கடலையும் கொடுத்தார்கள், சாப்பிட்டார். நடுவில் எழுந்து நின்று போனில் படம் எடுத்தார்.

பேட்டை போய்விட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். அஸ்காலேவை யாரும் நேரில் திட்டவில்லை. இரண்டு சாப்பாட்டுக் கடைகள் மறுநாளிலிருந்து இஞ்செராவை வேறு ஒருத்தியிடம் வாங்கின. "ஒரு மணி நேரம் கையக் கட்டிப்போட்டு உக்காந்திருக்கக் கூடாதா?" என்று அவள் காதில் விழும்படி தண்ணீர் வரிசையில் பேசினார்கள்.

ஏழு வாரம் கழித்து முடிவு வந்தது. எழுபத்தொன்று.

படிவத்தில் பாதை மறிப்பு என்று கழிக்க வேண்டிய எட்டை டாக்டர் கழிக்கவில்லை. 'சாலையைப் பல வகையில் பயன்படுத்தும் சமூகத் திறன்' என்று பெயர் மாற்றிக் கூட்டியிருந்தார். 'இருபத்தாறு நிமிடத்தில் உருவான பொதுக்கூடம்' என்று எழுதியிருந்தார். மணி பார்த்திருக்கிறார்! வெர்க்னேஷ் வீட்டுப் பேட்டி முழுமை என்று குறித்து, ஐந்து, ஐந்து, ஐந்து. அறிக்கையின் அட்டையில் ஒரு படம்: கூடாரத்துக்கு அடியில் பெண்கள் பிடித்துக்கொண்டிருக்க, வாயைத் திறந்து அழும் வெர்க்னேஷ். கீழே, 'உயிர்ப்புள்ள அக்கம்பக்கம்.'

இப்போது அஸ்காலே தேவதையானாள். விட்டுப்போன கடைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். தண்ணீர் வரிசையில் அவளுக்கு இடம் விட்டார்கள். "உன் கழுத்துக் கரைதான்டீ நமக்குச் சாக்கடை வாங்கிக் குடுத்துச்சு" என்றாள் ஒருத்தி, கிண்டலே இல்லாமல். ஷிஃபெராவ் அந்த அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டினார். "பாத்தீங்களா, நான் நெனச்சதவிட நல்லா முடிஞ்சுது" என்றார். அவர் என்ன நினைத்தார் என்பதை அங்கிருந்த ஒருவரும் ஞாபகப்படுத்தவில்லை. நாங்களும் கை தட்டினோம். எங்கள் வீடுகள் தப்பிவிட்டன அல்லவா?

அஸ்காலே எழுந்து போய்ப் படத்தைக் கழற்றிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். கழுத்துக் கயிற்றை அவிழ்த்துச் சாவியை மட்டும் உருவி ஷிஃபெராவின் முன்னால் போட்டாள்.

"என்னம்மா இது?"

"தட்டு எண்ணிக்கை சரியா இருக்கு. எண்ணிப் பாத்துக்கோங்க."

அங்கிருந்து நேராக வெர்க்னேஷ் வீட்டுக்குப் போனாள். சாவு நடந்து நாற்பதாம் நாள் சமையலுக்கு வெர்க்னேஷ் அவளைக் கூப்பிட்டிருக்கவில்லை. கூடாரம் பிரித்த பிறகு அந்த வாசலை மிதிப்பது இதுதான் முதல் தடவை. வெர்க்னேஷ் பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை.

"இத்திர்ல என் பேர அடிச்சாச்சு" என்றாள் வெர்க்னேஷ். எங்கள் ஊரில் அப்படி யாரும் செய்வதில்லை. இத்திரில் பெயர் இல்லாதவர் செத்தால் தூக்க ஆள் இருக்காது. "ஷிஃபெராவ் வந்து கெஞ்சினாரு. 'நாளைக்கு உனக்குன்னு ஒண்ணு வந்தா?'ன்னாரு. நான் செத்தா உங்களுக்கு எந்த நாள் தோதோ அந்த நாளுக்குத் தள்ளி வச்சுக்கோங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"நான் சொல்லிட்டேனே வெர்க்னேஷ். கடைசில சொல்லிட்டேனே."

"சொன்ன. மத்த எவளும் சொல்லல, நீ சொன்ன. அத நான் இல்லைங்கல." பயறில் ஒரு கல்லை எடுத்து ஒதுக்கினாள். "ஆனா காலைல வந்து பக்கத்துல உக்காந்து, என் பிள்ள செத்தது தெரிஞ்சே ரெண்டு சுத்துக் காப்பி குடிச்ச. அது எனக்கு எறங்க மாட்டேங்குது."

அஸ்காலே வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். மறுநாள் அவளும் இத்திரில் தன் பெயரை அடிக்கச் சொன்னாள். ஜெய்னெபா ஓடிவந்து, "பைத்தியமா உனக்கு? அவ கோவத்துல செஞ்சா, நீ எதுல செய்ற?" என்று சத்தம் போட்டாள்.

"வெக்கத்துல" என்றாள் அஸ்காலே.

சாக்கடை தோண்டுகிறார்கள். தண்ணீர்க் குழாய் வந்துவிட்டது. எதிரெதிரே உள்ள இரண்டு வீட்டுப் பெண்களும் காலையில் ஒரே நேரத்தில் கதவைத் திறக்கிறார்கள். ஒருத்தி தலையசைக்கிறாள், மற்றவள் சில நாள் பதிலுக்கு அசைக்கிறாள், சில நாள் இல்லை.

போன மாதம் டாக்டர் பிஸ்ராத் மறுபடியும் வந்தார். நேராக அஸ்காலேவின் அடுப்படிக்கு வந்து நின்றார். மற்றப் பேட்டைகளுக்கும் இந்தப் படிவம் போகிறதாம், எங்கள் தெருதான் அதற்கு முன்மாதிரியாம். புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறாராம், அதை அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம். படித்தார்: "துயரச் செய்தியைச் சமூகம் ஒன்றுகூடித் திட்டமிட்டுக் கையாளுதல். நான்கு மார்க்."

அஸ்காலே கல்லில் மாவை ஊற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்துவிட்டுக் கேட்டாள்.

"இந்த நாலு மார்க்க யாரு குடுக்குறது? தெருவா, பெத்தவளா?"

டாக்டர் பலகையைப் பார்த்தார். "அது... தலைவர்கிட்டதான் கேப்போம்."

"அப்ப எல்லாப் பேட்டையும் பாஸாயிடும், போங்க" என்று மூடியைப் போட்டாள்.

அவர் போய்விட்டார். வேறு தெருக்களுக்குப் போயிருக்கிறார், இந்த நேரத்தில் யாரோ ஒரு பெண் அவருக்காகத் தரையில் புல் பரப்பிக்கொண்டிருப்பாள். அந்தத் தெருக்களின் பெயர்கள் எனக்குத் தெரியாது, போய்ச் சொல்லவும் வழியில்லை. அதனால்தான் எழுதினேன். இதைப் படிக்கிறவர்கள் தங்கள் தெருவில் ஒருவருக்காவது சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லுங்கள். பெயர்களை மாற்ற வேண்டாம், ஷிஃபெராவ் பெயரையும், எங்கள் பேட்டையின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.